குனியாமல் தடவ ஒரு நாய்

முந்நூறு தையல் மிஷின் ஓடும் அந்தச் சட்டைக் கம்பெனியில் ஸ்பானர் அக்கா என்றால் தெரியாத ஆள் கிடையாது. உயரம் நாலடி பத்தங்குலம். கூட்டத்தில் நின்றால் தலை தெரியாது, ஆனால் குரல் எங்கேயிருந்து வருகிறது என்று யாருக்கும் சந்தேகம் வராது. இருபது வயதில் நூல் வெட்டும் வேலைக்குச் சேர்ந்தவள். ஒரு மிஷின் நின்றுவிட்டால் மெக்கானிக் டீ குடித்துவிட்டு, வெற்றுப் பேச்சு பேசிவிட்டு, ஆடி அசைந்து வரும்வரை தைக்கிற பெண் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல், ஒருநாள் அவளே மேஜைக்கு அடியில் புகுந்து மிஷினை ஓட வைத்துவிட்டாள். தலைமை மெக்கானிக்குக் கோபம் தலைக்கேறி, அவள் கையிலிருந்த ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டான். மறுநாள் அவள் சொந்தமாக ஒரு ஸ்பானரோடு வந்தாள். அன்று ஒட்டிக்கொண்டதுதான் அந்தப் பெயர். பதினைந்து வருஷம் கழித்து அவனுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்தாள் என்பது வேறு கதை.

ஐம்பத்தெட்டில் ஓய்வு கொடுத்தார்கள். அவளுக்கு மிஞ்சியது இரண்டு முழங்காலும் ஒரு முதுகும்தான், அவையும் சொன்ன பேச்சைக் கேட்காதவை. முப்பத்தெட்டு வருஷம் மேஜைக்கு அடியில் மடங்கிக் கிடந்த உடம்பு, இனி குனிய மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டது. எலும்பு டாக்டரும் அதையே சொன்னார். கீழே எது விழுந்தாலும் விழுந்ததாகவே இருக்கட்டும், எடுக்கப் போகாதீர்கள் என்றார்.

அடுத்த வருஷமே கணவர் போய்ச் சேர்ந்தார். லாரி ஆபீஸில் கணக்கு எழுதிய சாதுவான மனிதர். பூனை முடி பட்டாலே மூச்சிரைக்கும் அவருக்கு. அதனால் அந்த வீட்டுக்குள் முப்பது வருஷமாக நாலுகால் ஜீவன் எதுவும் வாசற்படி தாண்டியதில்லை. ஸ்பானர் அக்காவுக்கு நாய் ஆசை இருந்ததா என்று அவளையே கேட்டால்கூட அப்போதெல்லாம் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பாள். முந்நூறு மிஷினின் இரைச்சலில் ஆசையின் சத்தமெல்லாம் எங்கே கேட்கப்போகிறது.

அவர் போய் இரண்டு வருஷம் ஆன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகளும் கொழுந்தனாரும் கூடத்தில் இருக்கும்போது அவள் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். நாய் வாங்கப் போகிறேன் என்றாள்.

கொழுந்தனார் என்பவர் கணவரின் தம்பி. அதே தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவர். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆனால் ஓய்வு பெற்ற செய்தி அவருடைய குரலுக்கு மட்டும் இன்னும் எட்டவில்லை. அண்ணன் போனதிலிருந்து அண்ணி வீட்டுப் பொறுப்பு தன் தலையில் விழுந்ததாக அவரே எடுத்துச் சுமந்துகொண்டிருந்தார். அவர் முதலில் சந்தோஷப்பட்டார். துணைக்கு நல்லதுதான், மடியில் வைத்துக்கொள்ளும் அளவில் வெள்ளையாகப் புசுபுசுவென்று ஒன்று கிடைக்கும், தன் நண்பர் வீட்டில்கூட இருக்கிறது என்றார். மகளும் அதற்குள் கைப்பேசியில் இரண்டு படம் எடுத்து நீட்டிவிட்டாள்.

"சின்னது வேண்டாம். பெரிய நாய்தான்," என்றாள் ஸ்பானர் அக்கா.

"எவ்வளவு பெருசும்மா?"

அவள் எழுந்து நின்று, கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கை எட்டும் இடத்தைக் காட்டினாள். "இதோ, இங்க அது தலை வரணும். நான் குனியாம தடவணும். அவ்வளவுதான் கணக்கு."

இருவரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தார்கள். கீழே கிடக்கும் நாயைத் தூக்க, அதற்குத் தட்டு வைக்க, காலைச் சுற்றினால் விலக்க, எல்லாவற்றுக்கும் குனிய வேண்டும். தன்னால் ஆகாது. அதோடு, இத்தனை வருஷம் குனிந்ததே போதும், இனிமேல் யாருக்காகவும் எதற்காகவும் குனிவதாக இல்லை என்று அவள் சொன்னபோது, பேச்சு நாயைப் பற்றியதா வேறு எதையாவது பற்றியதா என்று கொழுந்தனாருக்குப் பிடிபடவில்லை. அண்ணி, உங்க உயரத்துக்கு அது உங்களைத்தான் கூட்டிக்கொண்டு போகும் என்று மட்டும் சொல்லி வைத்தார்.

அவள் மனதில் இரண்டு ஜாதி இருந்தது. ஒன்று கிரேட் டேன், இன்னொன்று ஜெர்மன் ஷெப்பர்ட். காலையில் மைதானத்தைச் சுற்றி நடக்கும்போது இரண்டையும் பார்த்திருக்கிறாள். கிரேட் டேன் நடந்து வந்தால் யாரோ கன்றுக்குட்டியை அவிழ்த்து விட்டாற்போல் இருக்கும், ஆனால் அசட்டுச் சாது. ஷெப்பர்ட் நடந்து வந்தால் பத்தடி தூரத்திலேயே நம்மை ஒருமுறை எடைபோட்டுவிடும். புது மாடல் மிஷின் வந்தால் என்ன செய்வாளோ அதையே செய்தாள். ஒரு நோட்டு எடுத்து, நடுவில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று எழுதத் தொடங்கினாள். ஒரு மாதம் படித்தாள், பார்த்தாள், வழியில் நாயோடு போகிறவர்களை நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். நோட்டு நிரம்பியது, முடிவு வரவில்லை. மிஷினை நோட்டில் பார்த்து யாராவது வாங்குவார்களா என்று தன்னையே திட்டிக்கொண்டு, நேரில் பார்க்கக் கிளம்பினாள்.

கிரேட் டேன் இருந்தது தரைக்கல் வியாபாரி ஒருவர் வீட்டில். பெரிய இரும்புக் கதவு, சுற்றிலும் காலி இடம். வியாபாரி அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் கேட்டார்.

"வீட்டுல ஆம்பளைங்க யாரும் கூட வரலையாம்மா?"

"நாய் எனக்குத்தான் வேணும். என்கிட்டயே சொல்லுங்க."

அவர் சொன்னார். வளர்ந்தால் அறுபது கிலோவுக்குக் குறையாது. நீங்க அம்பது கிலோ இருப்பீங்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நாற்பத்தாறு என்றாள் அவள். அவர் பரிதாபத்தோடு பார்த்தார்.

"என்னைவிட ரெண்டு மடங்கு கனமான மிஷினை எல்லாம் நான் இடம் மாத்தி வெச்சிருக்கேன்," என்றாள். "பலத்தால இல்ல. எங்க பிடிக்கணும்னு தெரிஞ்சா போதும்."

தாய் நாயை அவிழ்த்து விட்டார்கள். சாம்பல் நிறம். தலை அவள் மார்புக்கு வந்தது. குரைக்கவில்லை, மோப்பம்கூடப் பெரிதாகப் பிடிக்கவில்லை. நேராக வந்து பக்கவாட்டில் திரும்பி நின்று, தன் மொத்தக் கனத்தையும் அவள் மேல் சாய்த்துவிட்டது. பேருந்தில் தூங்கிவிழும் பக்கத்து ஆள் போல. ஸ்பானர் அக்கா இரண்டு தப்படி பின்வாங்கிப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். அது தலையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்துப் பெருமூச்சு விட்டது. அவ்வளவு பெரிய தலை, அவ்வளவு நம்பிக்கை. கணவர் போனபிறகு அவள் மேல் யாரும் இப்படிக் கேட்காமல் கொள்ளாமல் சாய்ந்ததில்லை. கண்ணில் நீர் முட்டியதை வியாபாரி பார்க்காதபடி, நாயின் காதைப் பார்ப்பதுபோலக் குனியாமல் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வரும்போது மனம் முக்கால்வாசி அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. மீதிக் கால்வாசியையும் தீர்த்துக்கொள்ள நாய் டாக்டரிடம் போனாள்.

அவர் இளம் வயதுக்காரர், வளைத்துப் பேசத் தெரியாதவர். கிரேட் டேனுக்கு வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு, சாப்பாட்டில் கவனம் வேண்டும், இதயத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும், மற்றபடி தங்கமான குணம் என்றார். ஷெப்பர்டுக்கு இடுப்பு மூட்டு பலவீனம், வருஷம் முழுக்க முடி கொட்டும், மூளைக்கு வேலை கொடுக்காவிட்டால் அதுவே ஒரு வேலையைக் கண்டுபிடித்து வீட்டைத் தலைகீழாக்கும் என்றார். கிரேட் டேன் எட்டு ஒன்பது வருஷம் இருந்தால் அதிகம், ஷெப்பர்ட் பன்னிரண்டு பதின்மூன்று வரை போகும். இதெல்லாம் அவள் நோட்டில் ஏற்கெனவே இருந்ததுதான். கடைசியில் அவர் சொன்னதுதான் நோட்டில் இல்லை. உங்க வயசுக்கு கிரேட் டேன்தான் தோதா இருக்கும் என்றார்.

"சாதுவா இருக்கும்னு சொல்றீங்களா?"

"அதுவும்தான்," என்றார் டாக்டர். பிறகு மேஜைமேல் இருந்த ஊசி மருந்துப் பெட்டியை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. அறுபத்தொன்றும் எட்டும் அறுபத்தொன்பது. அறுபத்தொன்றும் பதின்மூன்றும் எழுபத்துநாலு. மனிதர் மனதுக்குள் கூட்டிப் பார்த்திருக்கிறார்.

அன்று மாலை மகள் போனில் பேசினாள். டாக்டர் சொன்னதை இவள் சொல்ல, மகள் குரலில் ஒரு நிம்மதி. அப்போ டேனே வாங்கிடும்மா, எட்டு வருஷம்னா சரியா இருக்கும் என்றாள்.

"எதுக்குச் சரியா இருக்கும்?"

நான் அப்படிச் சொல்லவில்லை, நீ எதையாவது நினைத்துக்கொள்ளாதே என்று மகள் என்னென்னவோ சொன்னாள். அதில் அன்புதான் இருந்தது. அன்பாக இருந்ததுதான் சுருக்கென்று தைத்தது. மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் அச்சடிப்பார்களே, இந்தத் தேதிக்குமேல் கூடாது என்று, அப்படி ஒரு தேதியை எல்லாருமாகச் சேர்ந்து தன் முதுகில் அச்சடித்துவிட்டதாக அவளுக்குப் பட்டது. அவள் கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் இத்தனை நாள் தெரியவில்லை.

கோபத்தில் உடனே ஷெப்பர்ட் வாங்கியிருப்பாள். ஆனால் அவளுக்குத் தன்னைத் தெரியும். வீம்புக்கு ஒரு மிஷினை முடுக்கினால் திருகு மரை போய்விடும். யாரிடமோ ரோஷத்தைக் காட்ட ஒரு உயிரைக் கொண்டுவந்து வீட்டில் கட்டிப்போட முடியாது. அந்த டேன் மடியில் வைத்த தலையும் மனதை விட்டுப் போகவில்லை. ஆகவே ஒரு வாரம் ஆறப் போட்டாள். பிறகு, எதையும் முடிவு செய்யாமல், ஷெப்பர்டைப் பார்க்கப் போனாள்.

அது ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவருடைய வீடு. சின்ன வீடுதான். பக்கத்தில் தகரக் கூரை போட்ட கொட்டகையில் தாயும் ஆறு குட்டிகளும் இருந்தன. கொட்டகைக்குக் கம்பிக் கதவு, அதில் குறுக்குத் தாழ்ப்பாள். ஓட்டுநர் நாற்காலி கொண்டுவந்து போட்டார், அவள் உட்கார்ந்தாள். தாய் நாய் எழுந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவளைப் பார்த்தது. முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தது. கை எங்கே போகிறதோ அங்கே அதன் கண் போனது. முப்பத்தெட்டு வருஷத்தில் வேலை கற்றுக்கொள்ள வந்தவர்கள் எத்தனையோ பேரிடம் ஸ்பானர் அக்கா தொண்டை வறளச் சொன்ன விஷயம் அது. என் மூஞ்சியைப் பார்க்காதே, கையைப் பார் என்று.

ஓட்டுநர் டீ எடுத்துவர உள்ளே போனார். அவர் தலை மறைந்ததும் தாய் நாய் கதவருகே வந்தது. மூக்கால் தாழ்ப்பாளின் பிடியை மேலே தள்ளியது. பிடி எழுந்தது, ஆனால் தண்டு நகரவில்லை. அது நிறுத்தியது. தலையைச் சாய்த்துத் தாழ்ப்பாளைப் பார்த்தது. பிறகு தோளால் கதவை உள்ளிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, இறுக்கம் தளர்ந்த நேரத்தில் மூக்கால் தண்டைப் பக்கவாட்டில் தள்ளியது. கதவு திறந்தது. வெளியே வந்து, ஓடவும் இல்லை, குரைக்கவும் இல்லை. ஸ்பானர் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

டீயோடு வந்த ஓட்டுநர் தலையில் அடித்துக்கொண்டார். மூன்று தாழ்ப்பாள் மாற்றிவிட்டாராம், எதைப் போட்டாலும் நாலு நாளில் கண்டுபிடித்துவிடுகிறதாம்.

அவள் டீயை வாங்கவில்லை. நாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாய்கிற நாய் நல்ல நாய்தான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இது ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று நின்று பார்க்கிற நாய். எந்த இடத்தில் இறுக்கம், எதைத் தளர்த்தினால் எது நகரும் என்று பார்க்கிற நாய். தான் இருபது வயதில் மேஜைக்கு அடியில் செய்ததும் இதைத்தான். ஓய்வு பெற்ற பிறகு அவளிடம் யாரும் பேசாத பாஷையை ஒரு நாய் பேசியது. எழுபத்துநாலு வயது என்கிற கணக்கு அந்த நிமிஷம் அவள் தலையில் இருந்ததா என்றால், இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

குட்டிகளில் ஒன்று அவள் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தது. பெட்டை. முன்னால் இழுத்தது, வரவில்லை. பின்னால் இழுத்தது. அதையே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். பெயர் பாபின் என்று வைத்தாள். தையல் மிஷினில் அடிநூல் சுற்றும் அந்தச் சின்ன உருளையின் பெயர். கண்ணுக்குத் தெரியாமல் கீழே இருக்கும், அது இல்லாவிட்டால் ஒரு தையல்கூட விழாது.

வீட்டில் பெரிய ரகளை எல்லாம் நடக்கவில்லை. மகள் இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கொழுந்தனார் தெருவிலிருந்தபடியே குசலம் விசாரித்துவிட்டுப் போனார், உள்ளே வரவில்லை. குட்டிக்காலத்தில் பாபின் தின்ற பொருள்களில் வானொலி ஒயரும், ஒரு ஜோடி செருப்பும், நடுவில் கோடு கிழித்த அந்த நோட்டும் அடக்கம். முடி கொட்டியது, டாக்டர் சொன்னதைவிட இரண்டு மடங்காக. ஸ்பானர் அக்கா முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு அதற்கு உட்காரவும் நிற்கவும் சொல்லிக்கொடுத்தாள். பாதி கேட்டது.

எட்டாம் மாதம் அது நடந்தது. பாபின் அப்போது இருபத்தெட்டு கிலோ. காலை நடையில், எதிர்வீட்டுச் சுவரிலிருந்து ஒரு பூனை குதித்தது. கயிற்றை மணிக்கட்டில் சுற்றி வைத்திருந்தாள் அவள். சுற்றக் கூடாது என்று தெரிந்தும் சுற்றியிருந்தாள். இழுத்த இழுப்பில் தெருவில் குப்புற விழுந்தாள். இடது மணிக்கட்டு முறிந்தது. கண் திறந்தபோது நாய் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது, பூனையைக் காணோம், நாலைந்து வீட்டு ஜன்னல்கள் திறந்திருந்தன. வலியைவிட அந்த ஜன்னல்கள்தான் அதிகம் வலித்தன.

கட்டுப் போட்டு ஆறு வாரம் என்றார்கள். மகள் லீவு போட்டுவிட்டு வந்தாள். சனிக்கிழமை மத்தியானம் ஒரு வேன் வாசலில் வந்து நின்றது. கொழுந்தனார் இறங்கினார், பின்னாலேயே தோட்டம் வைத்திருக்கும் ஒருவர். நாயைத் தோட்டத்துக்கு அனுப்புவதாகக் கொழுந்தனாரும் மகளும் கலந்து பேசி முடித்திருந்தார்கள். நல்ல இடம், ஓடுவதற்கு ஏராளமான நிலம், வேளாவேளைக்குச் சாப்பாடு. கெட்ட எண்ணம் துளிகூட இல்லை. ஸ்பானர் அக்காவிடம் சொல்வது மட்டும்தான் பாக்கி.

அவள் கட்டுப் போட்ட கையோடு வாசலுக்கு வந்தாள். பாபின் அவள் காலோடு ஒட்டி நின்றது.

"அண்ணி, பிடிவாதம் வேண்டாம்," என்றார் கொழுந்தனார். "இன்னைக்குக் கை. நாளைக்கு இடுப்பு உடைஞ்சா படுத்த படுக்கைதான். அப்புறம் யார் பார்க்கறது?"

"கம்பெனியில என் விரல்ல மூணு தடவை ஊசி ஏறியிருக்கு. ஒரு தடவை நகத்தோட பேத்துட்டுப் போச்சு. அப்போ மிஷினைத் தூக்கிட்டுப் போக யாராவது வண்டி கொண்டு வந்தீங்களா?"

"அது வேலை அண்ணி."

"இதுவும் வேலைதான். கயித்தைக் கையில சுத்தினது என் தப்பு. நாய்க்குச் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்துல சொல்லாததும் என் தப்பு. மெக்கானிக் செஞ்ச தப்புக்கு மிஷினைக் காயலாங்கடைக்கு அனுப்புவாங்களா? நான் அனுப்ப மாட்டேன்."

கொழுந்தனார் பள்ளிக்கூடக் குரலை எடுத்தார். அண்ணன் இருந்திருந்தால் இதை அனுமதித்திருப்பாரா என்று கேட்டார்.

அவள் நல்ல கையை நாயின் தலைமேல் வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகவே சொன்னாள். "மாட்டார். அவருக்கு மூச்சிரைக்கும். அதனால முப்பது வருஷம் நான் கேட்கவே இல்ல. எனக்கு அதுல வருத்தமும் இல்ல. ஆனா இப்போ இந்த வீட்டுல மூச்சு விடறது நான் ஒருத்திதான்."

தோட்டக்காரர்தான் முதலில் அசைந்தார். நாயைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். இது என்கூட வராது சார், வந்தாலும் நிற்காது என்று கொழுந்தனாரிடம் சொல்லிவிட்டு வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கொழுந்தனாரும் போனார். போகும்போது வாசல் கதவைச் சாத்திய சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

மகள் அழுதாள். உனக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் என்ன செய்வது, அப்போது இந்த நாயை யார் பார்ப்பது என்று கேட்டாள். கேள்வி நியாயமானது என்று ஸ்பானர் அக்காவுக்குத் தெரியும். தனக்குள்ளேயே பல தடவை கேட்டு, பதில் வைத்திருந்தாள். அடுத்த வாரமே மகளைக் கூட்டிக்கொண்டு வக்கீலிடம் போய், உயில் எழுதி வைத்தாள். வீடு மகளுக்கு. ஆனால் நாய் உயிரோடு இருக்கிறவரை நாயோடு சேர்த்துத்தான் வீடு. நாயை வேண்டாம் என்றால் வீடும் கிடையாது, நாயை வைத்துக்கொள்கிறவர்களுக்குப் போகும். வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு தடவை உறுதிப்படுத்திக்கொண்டார். மகள் முதலில் முறைத்தாள். வெளியே வந்து படியிறங்கும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெற்ற பெண்ணை நாய்க்குக் காவல் வைத்த ஒரே அம்மா நீதான் என்றாள். கோபம் அத்தோடு போனது.

பிறகுதான் ஸ்பானர் அக்கா உண்மையில் வேலையைத் தொடங்கினாள். ஒரு கையால். தையல் மிஷினில் ஊசி கீழே போய் ஒரு மயிரிழை மேலே எழும்பும் அந்தக் கணத்தில் கொக்கி வந்து நூலைப் பிடிக்க வேண்டும். முந்தி வந்தாலும் தையல் விடும், பிந்தி வந்தாலும் விடும். அதற்குப் பெயர் டைமிங். முந்நூறு மிஷினுக்கு அதைச் சரிசெய்தவள், நாய்க்கும் அதுதான் என்பதைத் தெருவில் குப்புற விழுந்துதான் கண்டுகொண்டாள். பூனையைப் பார்த்துக் காது விறைக்கும், முன்கால் இன்னும் எழும்பியிருக்காது. பேச வேண்டியது அப்போதுதான். அந்த நொடியில் பேசினால் அது திரும்பிப் பார்க்கும். கால் எழும்பிவிட்டால் கத்திப் பயனில்லை. சொன்னதைக் கேட்டால் அந்த நொடியே கையிலிருக்கும் தீனி அதன் வாய்க்குப் போக வேண்டும். மூன்று மாதம் காலையும் மாலையும் அதே எதிர்வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில், திறந்திருந்த அதே ஜன்னல்கள் பார்க்கப் பார்க்கச் செய்தாள். பூனையும் பாவம், நாளுக்கு ஒரு முறை வந்து ஒத்துழைத்தது. மூன்றாம் மாதக் கடைசியில் பாபின் பூனையைப் பார்த்தது, அவள் கையைப் பார்த்தது, உட்கார்ந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ கை தட்டினார்கள். அவள் நிமிர்ந்து பார்க்காமல் போய்விட்டாள்.

கொழுந்தனார் ஒன்றரை வருஷம் வீட்டுப் படி ஏறவில்லை. பிறகு அவருக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்தது. தினமும் நடக்க வேண்டும், தனியாகப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். துணைக்கு வர வீட்டில் ஆளில்லை. ஒருநாள் காலை ஸ்பானர் அக்கா நாயோடு அவர் வாசலில் போய் நின்றாள். செருப்பைப் போடுங்க என்றாள். அவர் போட்டுக்கொண்டு வந்தார். பழைய பேச்சை இருவருமே எடுக்கவில்லை. அவர் நின்று மூச்சு வாங்கினால் பாபினும் நின்றது. பத்துப் பதினைந்து நாள் போனபிறகு, கயிற்றைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்டார். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், முதலில் அது உங்களோடு பழகட்டும் என்றாள் அவள். தலைமை ஆசிரியர் மறுபேச்சுப் பேசவில்லை.

இப்போது அவளுக்கு எழுபது. பாபினுக்கு ஒன்பது. கிரேட் டேன் வாங்கியிருந்தால் இந்நேரம் என்ற பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. மைதானத்தில் அந்தச் சாம்பல் நாயின் வம்சத்தில் ஒன்று வந்து எப்போதாவது அவள் மேல் சாயும். அவளும் மரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தாங்கி நிற்பாள். அந்தப் பிரியம் அவளுக்கு இன்னும் போகவில்லை.

போன மாதம் பாபினுக்கு வாசலின் மூன்று படி ஏறச் சிரமமாகிவிட்டது. நாய் டாக்டர், இப்போது அவருக்கும் காதோரம் நரைத்துவிட்டது, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். இடுப்பு மூட்டுதான், எதிர்பார்த்ததுதான் என்றார். அவள் எக்ஸ்ரேயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, எந்தக் கிண்ணத்தில் எந்த உருண்டை உட்காரவில்லை என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னாள். மாத்திரை, எடையைக் குறைப்பது, படி ஏறவிடாமல் பார்த்துக்கொள்வது என்று மூன்று விஷயம் சொன்னார் அவர். வயது ஆகிவிட்டது, இனி நடையையும் பாதியாக்கிவிடுங்கள் என்றார்.

"பாதியாக்கறேன். நிறுத்த மாட்டேன்," என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்து அளவு நாடாவை எடுத்தாள். படியின் உயரம், வாசலின் நீளம், சரிவு எவ்வளவு இருந்தால் நாயின் பின்னங்கால் வழுக்காது என்று கணக்குப் போட்டாள். படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்வுப் பாதை போட மரக்கடையிலிருந்து பலகை வந்தது. முக்காலியில் உட்கார்ந்தபடியே அறுத்தாள், சட்டம் அடித்தாள், மேலே பழைய ரப்பர் விரிப்பை வெட்டித் திருகினாள். கொழுந்தனார் பலகையின் அந்த முனையைப் பிடித்துக்கொண்டார். எதிர்வீட்டுக்காரர் தெருவில் நின்று பார்த்துவிட்டு, நல்ல காரியம் செய்தீர்கள், இந்த வயதில் உங்களுக்குப் படி ஏறுவது கஷ்டம்தான் என்றார்.

"எனக்கு இல்ல. நாய்க்கு," என்றாள் அவள், வாயில் இருந்த திருகுகளை எடுத்துவிட்டு.

வேலை முடிந்ததும் கொழுந்தனார் பலகைமேல் ஏறி நின்று இரண்டு தடவை குதித்துப் பார்த்தார். அசையவில்லை. பாபின் கீழே நின்று ரப்பரை மோந்தது, பக்கவாட்டில் போய்ச் சட்டத்தைப் பார்த்தது, ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தது. பிறகு மேலே ஏறி, வாசலில் நின்று திரும்பிப் பார்த்தது. கொழுந்தனார் கையை நீட்டினார், அண்ணி, நீங்களும் இதிலேயே வாங்க என்று. அவள் அந்தக் கையில் சுத்தியலைக் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, படி வழியாகவே ஏறினாள். மூன்று படிக்கு மூன்று நிமிஷம் ஆனது. நாய் நகராமல் காத்திருந்தது.